மிக மெல்லிய மடிக்கணினி விலைக்குத் தகுந்ததா? வாங்கும் முன் முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

மிக மெல்லிய மடிக்கணினி ஒன்றை வாங்க நினைப்பவர் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். ஒரே பிராசசர், ஒரே அளவு ரேம், ஏறத்தாழ ஒரே திரை கொண்ட இரண்டு கணினிகள் எதிரே இருக்கும். ஒன்று சற்றுத் தடிமனானது, விலை குறைவானது. மற்றொன்று கத்திபோல் மெலிந்திருக்கும், விலையும் கணிசமாகக் கூடியிருக்கும். அந்த விலை வேறுபாட்டுக்கு என்ன கிடைக்கிறது, அதற்காக எதை இழக்கிறோம் என்பதைப் படிப்படியாகக் கண்டறியும் முறையை இந்த வழிகாட்டி விளக்குகிறது.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடைக் குறைவுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது பெரும்பாலும் நியாயமானது. தடிமன் குறைவுக்கு மட்டும் கொடுக்கும் பணம் பெரும்பாலும் வீண். ஏறத்தாழ 15 மி.மீ.க்குக் கீழே குறைக்கப்படும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் குளிரூட்டும் அமைப்பு, விசைப்பலகை, போர்ட்டுகள், பேட்டரி ஆகியவற்றில் ஏதோ ஒன்றிடமிருந்து எடுக்கப்படுகிறது. அது எதனிடமிருந்து எடுக்கப்பட்டது, அந்த இழப்பு உங்கள் வேலையைத் தொடுகிறதா என்பதே கேள்வி.

படி 1: எடையையும் தடிமனையும் தனித்தனியாகப் பாருங்கள்

மெல்லியதாக இருந்தால் எடை குறைவாகத்தான் இருக்கும் என்று பலரும் எண்ணிக்கொள்கிறார்கள். விளம்பரங்களும் அப்படியே எண்ண வைக்கின்றன. உண்மை நிலவரத்தைச் சில எண்களில் பார்க்கலாம். 2022இல் ஆப்பிள் வெளியிட்ட, எம்2 சிப் கொண்ட மேக்புக் ஏரின் தடிமன் 11.3 மி.மீ., எடை 1.24 கிலோ. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 கார்பன் வரிசையின் அண்மைத் தலைமுறைகள் சுமார் 15 மி.மீ. தடிமன் கொண்டவை, ஆனால் அவற்றின் எடை 1.1 கிலோ அளவிலோ அதற்கும் கீழேயோ தொடங்குகிறது. அதாவது, கூடுதல் தடிமனுள்ள கணினி எடையில் குறைந்திருக்கிறது. எல்ஜி கிராம் வரிசையின் 17 அங்குல மாதிரி இன்னும் தெளிவான சான்று. அதன் தடிமன் ஏறத்தாழ 18 மி.மீ.; ஆயினும் அவ்வளவு பெரிய திரையோடும் அதன் எடை சுமார் 1.35 கிலோதான். முழு அலுமினியக் கட்டியைக் குடைந்து செய்யும் உடலுக்கும், மெக்னீசியக் கலப்புலோகம் அல்லது கார்பன் இழையால் ஆன உடலுக்கும் உள்ள வேறுபாடு இது. அலுமினியத்தின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 2.7 கிராம், மெக்னீசியத்தினுடையது 1.74 கிராம்.

தோளில் பையை மாட்டிக்கொண்டு நாள் முழுதும் அலைபவருடைய முதுகுக்குத் தெரிவது கிராம் கணக்கு மட்டுமே. பைக்குள் போய்விட்ட பிறகு 13 மி.மீ.க்கும் 16 மி.மீ.க்கும் இடையிலான வேறுபாட்டை யாராலும் உணர முடியாது. ஆகவே வாங்க நினைக்கும் கணினிகளின் எடையை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அதோடு சார்ஜரின் எடையையும், தேவைப்படும் இணைப்பு அடாப்டர்களின் எடையையும் சேர்த்துக் கூட்டுங்கள். 1.2 கிலோ கணினிக்கு 400 கிராம் சார்ஜரும் 100 கிராம் அடாப்டரும் தேவைப்படுமானால், உண்மையில் நீங்கள் சுமக்கப்போவது 1.7 கிலோ. இந்தக் கூட்டுத்தொகையை வைத்து ஒப்பிட்டால் பல ‘மிக மெல்லிய’ கணினிகளின் முன்னிலை கரைந்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். அறிவிக்கப்படும் தடிமன் எங்கே அளக்கப்பட்டது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். விளிம்பின் மெலிந்த பகுதியை மட்டும் பெரிய எழுத்தில் போடுபவர்கள் உண்டு. அடியில் உள்ள ரப்பர் கால்களைக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு காகித உறையிலிருந்து வெளியே எடுத்துக் காட்டிய முதல் மேக்புக் ஏரின் மெலிந்த முனை 4 மி.மீ.; அதன் தடித்த பகுதியோ 19.4 மி.மீ. ஒப்பிடும்போது எப்போதும் தடித்த பகுதியின் அளவையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

படி 2: கூடுதல் விலை எதற்குப் போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்

அந்த முதல் மேக்புக் ஏரின் விலை 1,799 டாலர். அதில் ஒரே ஒரு யுஎஸ்பி போர்ட், மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்ட 2 ஜிபி ரேம், 1.8 அங்குல அளவிலான மெதுவான 80 ஜிபி வன்தட்டு ஆகியவை இருந்தன; குறுந்தகடு இயக்கியும் இல்லை, கம்பிவழி இணையத்துக்கான போர்ட்டும் இல்லை. கூடுதல் விலைக்குக் குறைவான வசதி என்ற பேரம் இந்த வகைக் கணினிகளோடு பிறந்தது. பின்னர் 2011இல் இன்டெல் ‘அல்ட்ராபுக்’ என்ற வகையை அறிவித்து, 21 மி.மீ.க்குக் குறைவான தடிமன் போன்ற வரையறைகளை முன்வைத்தது. அவ்வகைத் தொழில்நுட்பங்களை வளர்க்க 30 கோடி டாலர் நிதியையும் ஒதுக்கியது. இன்று நடுத்தர விலையிலேயே 18 மி.மீ. கணினி கிடைப்பதற்கு அந்த முயற்சி ஒரு முக்கியக் காரணம். அன்று ஆடம்பரமாகக் கருதப்பட்ட மெல்லிய உடல் இன்று சாதாரண அளவாகிவிட்டது. இதை மனத்தில் வைத்துக்கொண்டால், இன்று ‘மிக மெல்லியது’ என்று கூடுதல் விலை வைக்கப்படும் கணினி, ஏற்கெனவே போதுமான அளவு மெலிந்துவிட்ட ஒன்றை மேலும் சில மில்லிமீட்டர் குறைத்தது மட்டுமே என்பது விளங்கும்.

அந்தச் சில மில்லிமீட்டருக்கு ஏன் அவ்வளவு செலவு? இயற்பியலில் அதற்கு நேரடியான காரணம் இருக்கிறது. ஒரு தகட்டின் வளையாத தன்மை அதன் தடிமனின் மும்மடிக்கு ஏற்ப மாறும். தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒரு பங்காகிவிடும். எனவே மெல்லிய கணினியின் திரைமூடி வளையாமலும், விசைப்பலகைப் பகுதி அமுங்காமலும் இருக்க வேண்டுமானால் விலை உயர்ந்த பொருள்களும் துல்லியமான வெட்டுவேலையும் தேவை. பேட்டரியை அந்த உடலின் வடிவத்துக்கென்றே தனியாகச் செய்ய வேண்டும். மதர்போர்டைச் சுருக்க வேண்டும். இவை உண்மையான செலவுகள். இவற்றுக்கு விலை கேட்பதில் குற்றம் காண முடியாது.

ஆனால் விலை உயர்வின் இன்னொரு பகுதி உடலின் செய்நேர்த்தியோடு தொடர்பில்லாதது. ரேம் பற்றவைக்கப்பட்டிருப்பதால், கூடுதல் ரேம் வேண்டுபவர் வாங்கும்போதே நிறுவனம் சொல்லும் விலைக்கு அதை வாங்கியாக வேண்டும். 16 ஜிபியிலிருந்து 32 ஜிபிக்குப் போக நிறுவனம் கேட்கும் தொகை, அதே அளவு ரேமைத் தனியாக வாங்கும் விலையைவிடப் பெரும்பாலும் மிக அதிகமாகவே இருக்கும். ஆகவே விளம்பரத்தில் தெரியும் தொடக்க விலையை ஒப்பிடுவதில் பயனில்லை. உங்களுக்கு வேண்டிய ரேமும் சேமிப்பும் சேர்ந்த பிறகு வரும் விலையை இரு கணினிகளுக்கும் எழுதி, அதன் பிறகே ஒப்பிட வேண்டும்.

படி 3: உங்கள் வேலை எப்படிப்பட்ட சுமையைத் தருகிறது என்று கண்டறியுங்கள்

இந்த வழிகாட்டியில் மிக முக்கியமான படி இதுதான். கணினியில் செய்யும் வேலைகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். இணையப் பக்கம் திறப்பது, கடிதம் எழுதுவது, விரிதாளில் கணக்குப் போடுவது, புகைப்படம் ஒன்றைத் திருத்துவது போன்றவை நொடிப்பொழுது முழுவேகம் கேட்டு, பிறகு பிராசசரை ஓய்வில் விடுபவை. நீண்ட காணொளியை ஏற்றுமதி செய்வது, பெரிய மென்பொருளைத் தொகுப்பது, முப்பரிமாணக் காட்சியை உருவாக்குவது, விளையாட்டுகள், தரவு மாதிரிகளைப் பயிற்றுவிப்பது போன்றவை பத்து நிமிடமோ பல மணி நேரமோ இடைவிடாமல் முழுவேகம் கேட்பவை. முதல் வகை வேலைகளில் மெல்லிய கணினிக்கும் தடித்த கணினிக்கும் வேக வேறுபாடு அநேகமாகத் தெரியாது. இரண்டாம் வகையில் அது பெரிதாகத் தெரியும்.

காரணம் வெப்பம். மெல்லிய கணினி ஒன்றின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தால் விஷயம் உடனே விளங்கிவிடும். பிராசசரின் மேல் ஒரு செப்புத் தகடு. அதிலிருந்து தட்டையாக நசுக்கப்பட்ட ஓரிரு வெப்பக்குழாய்கள். அவை சென்று சேரும் இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு நுண்ணிய செப்பு இதழ்கள். பக்கத்தில் ஒரு நாணயக் கத்தையின் உயரம்கூட இல்லாத சிறு ஃபேன். மீதி இடத்தில் பெரும்பகுதியைப் பேட்டரி நிரப்பியிருக்கும். அதே வடிவிலான ஒரு ஃபேனின் அளவு பாதியானால், அதே சுழற்சி வேகத்தில் அது தள்ளும் காற்று எட்டில் ஒரு பங்காகக் குறையும். குறைந்த காற்றை ஈடுகட்ட வேகமாகச் சுழன்றால் இரைச்சல் கூடும். எனவே வடிவமைப்பாளர் இரைச்சலைக் கூட்டலாம், உடலைச் சுட விடலாம், அல்லது பிராசசரின் வேகத்தைக் குறைக்கலாம். இவற்றில் கடைசி வழியையே பெரும்பாலான மெல்லிய கணினிகள் தேர்ந்தெடுக்கின்றன.

இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். பிராசசரின் பெயரைப் பார்த்து வேகத்தை முடிவு செய்ய முடியாது. அதற்கு எத்தனை வாட் மின்சாரம் தொடர்ந்து அனுமதிக்கப்படுகிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. இன்டெல் பிராசசர்களில் சிறிது நேரத்துக்கான உயர்ந்த வரம்பு ஒன்றும், நீண்ட நேரத்துக்கான தாழ்ந்த வரம்பு ஒன்றும் இருக்கும். அவற்றைக் கணினி நிறுவனமே தன் உடலின் குளிரூட்டும் திறனுக்கேற்ப வைத்துக்கொள்ளலாம். கிராஃபிக்ஸ் சிப்புகளில் இந்த இடைவெளி இன்னும் அகலமானது. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 4060 மடிக்கணினிச் சிப்பை 35 வாட் முதல் 115 வாட் வரை எந்த அளவிலும் நிறுவனங்கள் அமைத்துக்கொள்ளலாம். பெட்டியின் மேல் அச்சிடப்படும் பெயர் ஒன்றுதான். உள்ளே கிடைக்கும் வேகத்திலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. இந்த வாட் அளவைத் தெளிவாக வெளியிடாத நிறுவனத்தின் மெல்லிய விளையாட்டுக் கணினியை வாங்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

2018இல் வந்த 15 அங்குல மேக்புக் புரோவில் இன்டெல் கோர் ஐ9 பிராசசர் சேர்க்கப்பட்டபோது, நீண்ட வேலைகளில் அதன் வேகம் எதிர்பாராத அளவுக்குச் சரிவதைப் பயனர்கள் காட்டினார்கள். அந்த ஆண்டு ஜூலையிலேயே ஆப்பிள் தன் வெப்ப மேலாண்மை மென்பொருளில் குறை இருந்ததை ஏற்றுக்கொண்டு திருத்தம் வெளியிட்டது. திருத்தத்துக்குப் பின் நிலைமை மேம்பட்டாலும், மெல்லிய உடலுக்குள் உச்ச வேகப் பிராசசரை அடைப்பதற்குக் கூடுதல் பணம் கொடுப்பது பற்றி அந்நிகழ்வு எழுப்பிய கேள்வி இன்றும் பொருந்துகிறது. மெல்லிய கணினி வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால், அதன் மிக உயர்ந்த பிராசசரை விட்டுவிட்டு நடுத்தரப் பிராசசரை எடுத்து, மிச்சப்படும் பணத்தை ரேமில் போடுவதே பெரும்பாலோருக்குப் புத்திசாலித்தனம்.

2020 நவம்பரில் வந்த எம்1 மேக்புக் ஏர் இந்தக் கணக்கை ஓரளவு மாற்றியமைத்தது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஃபேனே இல்லாத அந்தக் கணினி, சிப்பின் மின்சிக்கனத்தால், அன்றாட வேலைகளில் ஃபேன் உள்ள பல கணினிகளைவிட வேகமாக இயங்கியது. ஆனால் அதே சிப்பும் ஒரு ஃபேனும் கொண்ட அன்றைய 13 அங்குல மேக்புக் புரோவோடு ஒப்பிட்டால், நீண்ட வேலையில் சில நிமிடங்களுக்குப் பின் ஏர் பின்தங்கியது. மின்சிக்கனமான சிப்புகள் சமரசத்தின் அளவைக் குறைத்திருக்கின்றன, சமரசத்தை நீக்கிவிடவில்லை.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சினிபெஞ்ச் ஆர்23 என்ற இலவசச் சோதனை மென்பொருள் இயல்பாகவே பத்து நிமிடம் தொடர்ந்து ஓடும். விண்டோஸ் கணினியானால், ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற கண்காணிப்பு மென்பொருளைத் திறந்து, பிராசசர் எடுக்கும் வாட் அளவைப் பார்த்துக்கொண்டே இந்தச் சோதனையை ஓட்டுங்கள். தொடக்கத்தில் 45 வாட் காட்டி, ஒரு நிமிடத்துக்குள் 15 வாட்டுக்கு இறங்கி அங்கேயே நின்றால், அந்தக் கணினியின் உண்மையான தொடர்வேகம் அந்த 15 வாட்டுக்குரியதுதான். கைக்குக் கணினி கிடைக்காதபோது, விமர்சனங்களில் ஒருமுறை ஓட்டிய மதிப்பெண்ணைப் பார்க்காமல், திரும்பத் திரும்ப ஓட்டிய மதிப்பெண்களின் வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். கோடு கிடைமட்டமாக இருந்தால் நல்ல குளிரூட்டல். படிக்கட்டுபோல் இறங்கினால் மெல்லிய உடலின் விலையை அங்கே செலுத்துகிறீர்கள் என்று பொருள்.

படி 4: விசைப்பலகையில் ஒரு பக்கம் தட்டச்சு செய்து பாருங்கள்

விசை எவ்வளவு ஆழம் அமுங்குகிறது என்பது மில்லிமீட்டரின் பின்னங்களில் அளக்கப்படும். ஆனால் விரல்களுக்கு அந்தப் பின்னங்கள் நன்றாகத் தெரியும். 1.5 மி.மீ. அளவு ஆழம் பெரும்பாலோருக்கு வசதியானது. 1 மி.மீ. அளவுக்கு இறங்கும்போது, விசையின் அடித்தளத்தில் விரல் மோதுவதுபோன்ற உணர்வு வரும். நாள் முழுதும் எழுதுபவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

தடிமன் குறைப்பு எவ்வளவு தூரம் போகக்கூடாது என்பதற்குக் கணினி உலகில் மிகத் தெளிவான பாடம் ஆப்பிளின் ‘பட்டர்ஃபிளை’ விசைப்பலகை. 13.1 மி.மீ. தடிமனும் 920 கிராம் எடையும் கொண்ட 12 அங்குல மேக்புக்குக்காக 2015இல் உருவாக்கப்பட்ட அந்த அமைப்பு, அடுத்த ஆண்டு மேக்புக் புரோவுக்கும் வந்தது. ஒரு துகள் தூசி புகுந்தாலே விசை ஒட்டிக்கொள்வதும், ஒரு எழுத்து இரண்டு முறை விழுவதும், விழாமலே போவதுமாகப் புகார்கள் குவிந்தன. 2018 ஜூனில் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கும் திட்டத்தை அறிவித்தது; 2019 நவம்பரில் வந்த 16 அங்குல மேக்புக் புரோவில் பழைய கத்தரி வகை அமைப்புக்கே திரும்பியது; அமெரிக்காவில் தொடரப்பட்ட கூட்டு வழக்கை 2022இல் 5 கோடி டாலருக்குச் சமரசமாக முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. விசைப்பலகை உடலோடு இறுக்கிப் பொருத்தப்பட்டிருந்ததால், ஒரு விசை கெட்டாலும் மேல்பகுதி முழுவதையும் பேட்டரியோடு சேர்த்து மாற்ற வேண்டியிருந்தது என்பதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும்.

கடையில் கணினியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தால், ஓரிரு சொற்களோடு நிறுத்தாமல் ஒரு முழுப் பத்தியைத் தட்டச்சு செய்யுங்கள். பிறகு விசைப்பலகையின் நடுப்பகுதியை ஒரு விரலால் அழுத்துங்கள். முழுத் தளமும் பள்ளமானால் உடலின் விறைப்பில் சிக்கனம் செய்திருக்கிறார்கள். திரையின் மூலையைப் பிடித்து மெதுவாகத் திறந்து மூடுங்கள். வளைந்து நெளியும் மூடி, பைக்குள் நெருக்கப்படும்போது திரையை விசைகளின்மேல் அழுத்தும். நாளடைவில் திரையில் விசைகளின் தடங்கள் பதியும்.

படி 5: போர்ட்டுகளை எண்ணுங்கள், அவற்றின் வேகத்தையும் கேளுங்கள்

இரண்டு யுஎஸ்பி-சி போர்ட்டுகள் மட்டும் உள்ள கணினியில், ஒன்று சார்ஜருக்குப் போனால் மிஞ்சுவது ஒன்று. கடந்த ஒரு மாதத்தில் நீங்கள் கணினியில் செருகிய பொருள்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்: புரொஜெக்டர், நினைவகக் குச்சி, கேமரா அட்டை, கம்பிவழி இணையம், ஹெட்ஃபோன். பட்டியல் நீளமானால் அடாப்டரை வாங்கிச் சுமந்தாக வேண்டும். டெல் நிறுவனம் 2022இல் எக்ஸ்பிஎஸ் 13 பிளஸ் மாதிரியில் ஹெட்ஃபோன் துளையைக்கூட நீக்கியது. எதிர்த்திசையில், 2021இல் ஆப்பிள் மேக்புக் புரோவில் ஹெச்டிஎம்ஐ, கேமரா அட்டைத் துளை, காந்த சார்ஜர் மூன்றையும் திரும்பக் கொண்டுவந்தது. 16 அங்குல மாதிரியின் தடிமன் 16.2 மி.மீ.யிலிருந்து 16.8 மி.மீ. ஆகக் கூடியது. மெல்லிய வடிவத்தை முன்னெடுத்த நிறுவனமே தொழில்முறைப் பயனருக்கு 0.6 மி.மீ.யைத் திருப்பிக் கொடுத்ததும், அந்தக் கணினி பெரும் வரவேற்பைப் பெற்றதும் எனக்கு மிகவும் மகிழ்ச்சியளித்த மாற்றங்கள்.

தோற்றத்தில் ஒன்றுபோல் இருக்கும் யுஎஸ்பி-சி போர்ட்டுகள் திறனில் பெரிதும் வேறுபடும். சில போர்ட்டுகள் ஒரு நொடிக்கு 5 கிகாபிட் மட்டுமே கடத்தும்; தண்டர்போல்ட் 4 என்ற அதிவேக வகையானால் 40 கிகாபிட். சில சார்ஜ் ஏற்றும், சில ஏற்றாது. சில வெளித்திரையை இயக்கும், சில இயக்காது. விவரக்குறிப்பில் ஒவ்வொரு போர்ட்டுக்கும் தனித்தனியாக இதைப் பார்த்துவிட வேண்டும்.

படி 6: பேட்டரியை வாட்-மணியில் ஒப்பிடுங்கள்

‘18 மணி நேரம்’ என்ற விளம்பரம் பெரும்பாலும் குறைந்த திரை வெளிச்சத்தில் காணொளி ஓடவிட்டு அளந்தது. ஒப்பிடத்தக்க எண், பேட்டரி தேக்கிவைக்கும் மின்சாரத்தின் அளவைக் காட்டும் வாட்-மணிதான். எம்2 மேக்புக் ஏரின் பேட்டரி 52.6 வாட்-மணி, 17 அங்குல எல்ஜி கிராமின் பல மாதிரிகளில் 80 வாட்-மணி. விமானப் பயணத்தில் முன் அனுமதி இல்லாமல் எடுத்துச் செல்லக்கூடிய பேட்டரியின் பொதுவான உச்சவரம்பு 100 வாட்-மணி என்பதால், பெரிய கணினிகளும் அதைத் தாண்டுவதில்லை.

சிறிய பேட்டரியில் மறைந்திருக்கும் சிக்கல் ஒன்று உண்டு. ஒரே வேலைக்கு ஒரே அளவு மின்சாரம் செலவாகும்போது, சிறிய பேட்டரி அடிக்கடி காலியாகி அடிக்கடி சார்ஜ் ஏறும். ஆகவே அதன் சார்ஜ் சுழற்சிகள் விரைவில் தீர்ந்துபோகும். பல மடிக்கணினி பேட்டரிகள் 300 முதல் 500 முழுச் சுழற்சிகளுக்குப் பின் கணிசமாகத் திறன் இழக்கின்றன; அண்மைக்கால மேக்புக் பேட்டரிகள் 1,000 சுழற்சிக்குப் பின்னும் 80 சதவீதத் திறனைத் தக்கவைக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. நெருக்கமான உடலுக்குள் வெப்பமும் சேர்ந்துகொண்டால் முதுமை இன்னும் விரைவாக வரும். பழைய பேட்டரி உப்பினால், மெல்லிய கணினியில் அது விரிய இடமே இல்லை. டச்பேட் மேலெழும்பும், அடிமூடி பிளக்கும். அப்படித் தெரிந்த உடனே கணினியைப் பயன்படுத்துவதையும் சார்ஜ் செய்வதையும் நிறுத்திப் பேட்டரியை மாற்ற வேண்டும்; இது தீப்பிடிக்கும் ஆபத்துள்ள நிலை.

படி 7: ஐந்தாண்டுக்குப் பின் என்னவாகும் என்று கேளுங்கள்

வாங்கும் நாளில் யாரும் கேட்காத கேள்வி இது. ரேம் பற்றவைக்கப்பட்டதா? சேமிப்பகம் கழற்றக்கூடியதா? பேட்டரி திருகாணிகளால் பொருத்தப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா? அடிமூடியைச் சாதாரணத் திருகாணிகளைக் கழற்றித் திறக்க முடியுமா?

ரேமைப் பற்றவைப்பதற்கு மெல்லிய உடல் மட்டும் காரணமல்ல. எல்பிடிடிஆர் என்ற மின்சிக்கன வகை ரேம் பிராசசருக்கு மிக அருகில் இருக்கும்போது மின்சாரமும் குறைவாகச் செலவாகும், வேகமும் கூடும். 2024இல் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா 200வி வரிசையில் ரேம் பிராசசரோடு ஒரே பொதிக்குள்ளேயே இருக்கிறது. அளவு 16 ஜிபி அல்லது 32 ஜிபி மட்டுமே. பேட்டரி நீடிப்பில் இதன் பலன் உண்மையானது. ஆனால் 16 ஜிபி போதாமல் போகும் நாளில் கணினியையே மாற்ற வேண்டும் என்பதும் உண்மைதான். எனவே பற்றவைத்த ரேம் உள்ள கணினியில் இன்றைய தேவைக்கு ஒரு படி மேலான அளவை வாங்குங்கள். அந்த விலை கட்டுப்படியாகவில்லை என்றால், அந்தக் கணினியே உங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மெல்லியதாகவும் பழுதுபார்க்கத்தக்கதாகவும் ஒரே கணினி இருக்க முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஃபிரேம்வொர்க் நிறுவனத்தின் 13 அங்குல மடிக்கணினி 2021இல் 15.85 மி.மீ. தடிமனிலும் 1.3 கிலோ எடையிலும் வந்தது. அதில் ரேம், சேமிப்பகம், பேட்டரி, போர்ட்டுகள், மதர்போர்டு வரை பயனரே மாற்றலாம். மெல்லிய கணினிகளுக்கென்றே உருவான எல்பிகேம்2 என்ற கழற்றக்கூடிய ரேம் வகை 2024இல் லெனோவோவின் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் இடம்பெற்றது. சட்டமும் இத்திசையில் நகர்கிறது: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டுப் பேட்டரி விதிமுறைப்படி, 2027 பிப்ரவரி 18 முதல் அங்கு விற்கப்படும் சாதனங்களின் கையடக்கப் பேட்டரிகளை, சில விதிவிலக்குகள் தவிர, பயனரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். பிரான்சில் 2021 முதல் மடிக்கணினிகளோடு பழுதுநீக்கும் எளிமைக்கான மதிப்பெண்ணும் வெளியிடப்பட வேண்டும். எந்த நாட்டில் வாங்கினாலும் அந்த மதிப்பெண்ணைத் தேடிப் பார்ப்பது பயன்தரும்.

படி 8: இப்போது கணக்குப் போடுங்கள்

இரண்டு கணினிகளுக்கும் ஒரே அளவு ரேம், சேமிப்பு, அடாப்டர்கள், சார்ஜர் எல்லாம் சேர்த்து இறுதி விலை எழுதுங்கள். எத்தனை ஆண்டு பயன்படுத்த முடியும் என்று நியாயமாக மதிப்பிட்டு, அதற்கிடையே பேட்டரி மாற்றும் செலவையும் கூட்டி, ஆண்டுகளால் வகுத்துவிடுங்கள். ரேமைக் கூட்டிக்கொள்ள முடிகிற கணினி ஆறாண்டு உழைத்து, முடியாதது நான்காண்டில் திணறுமானால், வாங்கும்போது ஒரே விலையாக இருந்த இரண்டும் ஆண்டுக் கணக்கில் ஒன்றரை மடங்கு வேறுபடும்.

பிறகு சுமக்கும் கணக்கு. நாள்தோறும் கணினியோடு வெளியே செல்பவர், நின்றுகொண்டோ நடந்துகொண்டோ வேலை செய்பவர், அடிக்கடி பயணிப்பவர், தோள்வலி உள்ளவர் ஆகியோருக்கு அரைக் கிலோ குறைவதென்பது ஒவ்வொரு நாளும் உணரப்படும் நன்மை. அவர்களுடைய வேலையும் படி 3இல் சொன்ன முதல் வகையாக இருந்தால், எடை குறைந்த கணினிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் தயங்கத் தேவையில்லை. மேசையை விட்டு அரிதாகவே நகரும் கணினிக்கு அந்த விலை கொடுப்பது பொருளற்றது. மாணவர்களுக்கு நான் பரிந்துரைப்பது 1.2 முதல் 1.4 கிலோ வரை எடையும் 15 முதல் 18 மி.மீ. வரை தடிமனும் கொண்ட கணினி; படிப்புக்காலம் முழுதும் தாங்குவதற்கான வாய்ப்பு இந்த அளவில்தான் அதிகம். நீண்ட சுமை கேட்கும் வேலையும் பயணமும் சேர்ந்தவர்களுக்குத்தான் முடிவு கடினம். அவர்கள் 1.6 கிலோ அளவுள்ள, நல்ல குளிரூட்டல் கொண்ட 14 அங்குலக் கணினியைப் பார்ப்பது நல்லது. மிக மெல்லியதை வாங்கி வேகத்துக்காக ஏங்குவதைவிட அது மேல்.

அழகுக்காக வாங்குவதில் தவறில்லை. தினமும் கையாளும் பொருள் அழகாக இருக்க வேண்டும் என்ற விருப்பம் நியாயமானதே. அந்த விருப்பத்துக்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று மேற்கண்ட கணக்கில் தனி வரியாக எழுதிவிட்டால், பிறகு மனக்குறை இருக்காது. முந்தைய ஆண்டின் மாதிரியை விலை குறைந்த பிறகு வாங்குவது இந்தச் செலவைக் குறைக்க எளிய வழி. மெல்லிய உடல்கள் பெரும்பாலும் பல ஆண்டுகள் மாறாமல் வருகின்றன.

படி 9: திருப்பிக் கொடுக்கும் காலத்துக்குள் சோதித்துவிடுங்கள்

வாங்கிய முதல் நாளிலேயே உங்கள் வழக்கமான வேலைகளில் மிகக் கடினமானதை ஓட்டுங்கள். பத்து நிமிடச் சோதனையில் வாட் அளவு எங்கே நிலைக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அப்போது விசைப்பலகையின் மேற்பகுதியும் அடிப்பகுதியும் எவ்வளவு சுடுகின்றன, மடியில் வைத்துக்கொள்ள முடிகிறதா, அமைதியான அறையில் ஃபேன் இரைச்சல் உறுத்துகிறதா என்று பாருங்கள். ஒரு முழு நாள் சார்ஜர் இல்லாமல் உங்கள் வழக்கமான திரை வெளிச்சத்தில் வேலை செய்து, எத்தனை மணிக்குப் பேட்டரி தீர்கிறது என்று குறியுங்கள். விண்டோஸில் பேட்டரி அறிக்கையை எடுத்து, வடிவமைப்புத் திறனுக்கும் தற்போதைய முழுத் திறனுக்கும் பெரிய இடைவெளி இல்லை என்பதை உறுதிசெய்யுங்கள். ஒவ்வொரு போர்ட்டிலும் ஒரு பொருளைச் செருகிப் பாருங்கள். சார்ஜர், அடாப்டர் சகிதம் பையில் வைத்து, வழக்கமாகச் செல்லும் வழியில் ஒருமுறை நடந்துவிட்டு வாருங்கள்.

இவற்றில் வெப்பமோ பற்றவைத்த ரேமின் அளவோ விசைப்பலகையோ குறையாகத் தெரிந்தால், பழகிவிடும் என்று விட்டுவிடாமல் கணினியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போர்ட் குறைவை ஒரு அடாப்டரால் சமாளிக்கலாம். அந்த மூன்றையும் பிறகு எந்தச் செலவாலும் சரிசெய்ய முடியாது.